பூண்டுப் பல் அளவு மொட்டு, ஐந்து மண் கலவைகள்

போன செப்டம்பரில் டொராண்டோவிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். யாரோ பரிசாகக் கொடுத்த, பூச்சி தின்னும் பட்டர்வொர்ட் செடி ஒன்று அவர் வீட்டு ஜன்னலோரம் வந்து சேர்ந்திருந்தது. "அண்ணை, இதுக்கு எந்த மண் நல்லம்? ஒராள் பீட்டும் மணலும் எண்டுறார், இன்னொராள் பாசி எண்டுறார். தலை சுத்துது."

"ஜனவரியில தொட்டிய எங்க வைக்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

"நான் மண்ணைக் கேட்டா நீங்கள் இடத்தைக் கேக்கிறீங்கள்" என்று சிரித்தார். ஆனால் இங்கிலாந்தின் லீட்ஸில் பத்து வருடமாக இந்தச் செடிகளோடு மல்லுக்கட்டியதில் எனக்குத் தெளிவானது அது ஒன்றுதான். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை, உரம் கலக்காத எந்த ஈர மண்ணில் வைத்தாலும் இது எப்படியோ வளர்ந்துவிடும். சாவது குளிர்காலத்தில். கலவைகளை ஒப்பிடுவதானால் அந்த ஐந்து மாதத்தை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

செடியைப் பார்த்திராதவர்களுக்கு இரண்டு வார்த்தை. பேரினப் பெயர் பிங்குயிகுலா. லத்தீனில் 'பிங்குயிஸ்' என்றால் கொழுத்தது. வெண்ணெய் தடவினாற்போல் மினுக்கும் இளம்பச்சை இலைகள் தரையோடு தரையாக விரிந்து கிடக்கும். அந்தப் பிசுக்கில் சிறு பூச்சிகள் ஒட்டிக்கொள்ளும். இலை அவற்றைச் செரித்து நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும். நம் ஊர் அழுகண்ணியும் இதே தொழில்தான் செய்கிறது, ஆனால் இரண்டுக்கும் சொந்தம் கிடையாது. இங்கிலாந்தின் கம்பர்லாந்து மலைகளில் இதன் இலைகளில் நிறையப் பூச்சிகள் ஒட்டியிருக்கின்றன என்று ஒருவர் சொல்லப்போய்த்தான் டார்வின் இதை ஆராயத் தொடங்கினார். பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றி அவர் 1875இல் வெளியிட்ட நூலில் இதற்குத் தனி அதிகாரமே உண்டு. வடக்கு ஸ்வீடனில் இந்த இலையின் மேல் பாலை ஊற்றிக் கெட்டியாக்கும் வழக்கத்தைத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1737இலேயே குறித்திருக்கிறார். நாம் மோர் விட்டு உறை குத்துவதைப் போல.

கடையில் 'பட்டர்வொர்ட்' என்று மட்டும் அட்டை குத்தி விற்பார்கள். அது மெக்சிகோ வகையா, குளிர்நாட்டு வகையா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். மெக்சிகோ வகைகள் குளிர்காலத்தில் சதைப்பற்றான குட்டி இலைகளைப் போட்டுக்கொண்டு கிட்டத்தட்ட வறட்சியைக் கேட்கும். வீட்டுக்குள் வருடம் முழுக்க வளரும். ஃப்ளோரிடா பக்கத்துப் பிரிமுலிஃப்ளோரா, லூட்டியா போன்றவை உறங்குவதே இல்லை. நான் இங்கே பேசுவது கிராண்டிஃப்ளோரா, வல்காரிஸ், ஆல்பினா, லாஞ்சிஃபோலியா மாதிரியான, பனியில் உறங்கும் வகைகளைப் பற்றி.

இவை உறங்கும் விதம்தான் மண் பற்றிய முழுக் கேள்வியையும் தீர்மானிக்கிறது. இலையுதிர் காலத்தில் நடுவில் இலைகள் சுருண்டு இறுகி ஒரு கெட்டி மொட்டாகும். வெளியிலைகள் கூழாகி மறைந்துவிடும். வேரும் செத்துவிடும்; ஆல்பினாவுக்கு மட்டும் வேர் தங்கும். மிஞ்சுவது மண்ணின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு பச்சை மொட்டு. பெரிய செடியானால் பூண்டுப் பல் அளவு, சின்னதானால் பட்டாணி அளவு. ஹைபர்னாகுலம் என்பார்கள், நான் குளிர்மொட்டு என்கிறேன். அதைச் சுற்றி அரிசி மணி போலக் குட்டி மொட்டுகளும் இருக்கும். ஒவ்வொன்றும் அடுத்த வருடச் செடி.

என் முதல் வருடத்தில் இது தெரியாது. நவம்பரில் இலையெல்லாம் அழுகிப் போனதைப் பார்த்து, செத்துவிட்டது என்று மண்ணோடு குப்பையில் கொட்டினேன். இந்தச் செடியை வளர்க்கிறவர்களில் பாதிப் பேராவது இதைச் செய்திருப்பார்கள் என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

ஆக, குளிர்காலத்தில் மண்ணுக்கு வேலை வேருக்குச் சோறு போடுவது இல்லை. வேரே கிடையாது. வேரில்லாத ஒரு மொட்டு உருண்டு ஓடாமல், மூழ்கி அழுகாமல், காய்ந்தும் போகாமல் ஐந்து மாதம் உட்கார ஒரு திண்ணை கொடுப்பதுதான் வேலை. கலவைகளை அந்தக் கண்ணால் பாருங்கள்.

பீட்டும் மணலும், சரிக்குச் சரி

இங்கிலாந்தில் பழைய ஆட்கள் கேட்ட உடனே சொல்வது இதைத்தான். உரம் கலக்காத பீட் (சதுப்பில் மக்கிப் படிந்த பாசி) ஒரு பங்கு, சுண்ணாம்பில்லாத சிலிக்கா மணல் ஒரு பங்கு. கனமாக இருக்கும், உறைபனியில் அவ்வளவாகப் புரளாது, மொட்டு பாதி புதைந்து அசையாமல் இருக்கும். கிராண்டிஃப்ளோராவையும் வல்காரிஸையும் முதன்முதலில் வளர்க்கிறவருக்கு இதில் தொடங்கு என்று கூசாமல் சொல்வேன்.

மணலில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். கட்டட வேலை மணலில் சுண்ணாம்பு இருக்கலாம், கடற்கரை மணலில் உப்பு இருக்கும். ஒரு கரண்டி மணலில் வினிகர் விட்டுப் பாருங்கள். பொங்கி நுரைத்தால் சுண்ணாம்பு. நுரைக்காவிட்டாலும் மழைநீரில் நாலு முறை, தண்ணீர் தெளிவாக வரும்வரை, அரிசி களைவது போலக் களைந்துவிட்டுக் கலக்குங்கள்.

குறை என்னவென்றால், இரண்டு மூன்று வருடத்தில் இறுகிவிடும். காற்றுப் போகாது. குளிர்காலத்திலும் தட்டில் தண்ணீர் நிறுத்தினால் தொட்டியைக் கவிழ்க்கும்போது சேற்று வாடை அடிக்கும். அந்த வாடை வந்தால் மொட்டின் அடிப்பக்கம் ஏற்கெனவே பழுப்பாகியிருக்கும். இன்னொரு உறுத்தலும் உண்டு. பீட் படிவது வருடத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான். பட்டர்வொர்ட் வாழும் சதுப்பை வெட்டி எடுத்து வந்து, பட்டர்வொர்ட்டைத் தொட்டியில் வளர்ப்பதில் ஏதோ முறையில்லை. தொட்டி சின்னது, வருடத்துக்கு இரண்டு கைப்பிடி என்று நானும் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

பீட்டும் பெர்லைட்டும்

பைகளில் ஆயத்தமாகக் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். கோடையில் அருமை: காற்றோட்டம் நன்றாக இருக்கும், வேர் சட்டென்று பிடிக்கும், தொட்டி இறகு போல இருக்கும். குளிர்காலத்தில் அந்த இலேசுதான் வினை. பெர்லைட் என்பது சூட்டில் பொரிந்த எரிமலைக் கண்ணாடி, மிதக்கும் சரக்கு. மழையில் மேலே வந்து சேரும். உறைந்து உருகி உறைந்து உருகி மண்மேல் புடைத்து எழும்பும், மொட்டு பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். எங்கள் தோட்டத்து பிளாக்பேர்ட் பறவை புழு தேடித் தொட்டியைக் கிளறினால் இந்தக் கலவையில் ஒரே கொத்தில் மொட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். ஒரு பிப்ரவரியில் ஆறு மொட்டுகளைத் தரையில் தவழ்ந்து பொறுக்கியிருக்கிறேன். எது எந்த வகை என்பது ஜூனில் பூத்த பிறகுதான் தெரிந்தது.

தொட்டி கூரைக்கடியில், குளிர்ந்த கண்ணாடி அறையில் இருக்கப் போகிறது என்றால் இந்தப் புகார் எல்லாம் கிடையாது, தாராளமாகப் போடலாம். பெர்லைட் தூசியை மட்டும் மூச்சில் இழுக்காதீர்கள். பையிலேயே தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டுக் கையாளுங்கள்.

உயிருள்ள ஸ்பேக்னம் பாசி

பார்ப்பதற்கு இதைப் போல அழகு வேறில்லை. பச்சைப் பாசி மெத்தையில் ஊதாப் பூ. தண்ணீர் கெட்டால் பாசி முதலில் வெளுத்துக் காட்டிக்கொடுக்கும், எச்சரிக்கை மணி மாதிரி. ஆனால் பாசி வளரும், மொட்டு வளராது. இங்கே குளிர்காலம் மிதமானது. டிசம்பரிலும் பாசி கொஞ்சம் கொஞ்சமாக மேலேறும். மார்ச்சில் பார்த்தால் மொட்டு காணாது. கையால் விலக்கினால் உள்ளே வெளிறிப் போய், மூச்சுமுட்டிய குழந்தை மாதிரி இருக்கும். மாதம் ஒருமுறை கத்தரிக்கோலோடு உட்காரப் பொறுமை உள்ளவருக்கு இது. எனக்கு இல்லை.

கனடா மாதிரியான இடத்தில் வெளியே எல்லாமே உறைந்து கிடக்கும்போது பாசியும் உறங்கும் என்பதால் அங்கே இந்தக் குறை குறைவு.

கல் கலவை

இதுதான் என் கட்சி. காரணத்தைச் சொல்ல மலைக்குப் போக வேண்டும்.

பூச்சியுண்ணும் செடி என்றாலே புளித்த (அமிலம் மிகுந்த) சதுப்பு மண், சுண்ணாம்பு பட்டால் சாவு என்று ஒரு எண்ணம் ஊறிப் போயிருக்கிறது. வீனஸ் பூச்சிப்பொறிக்கு அது சரி. இங்கே சரியில்லை. எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகக் கார் ஓட்டினால் மால்ஹம். முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. ஊற்றுநீர் கசியும் சரிவுகளில் மே, ஜூனில் வல்காரிஸ் நட்சத்திரம் நட்சத்திரமாகக் கிடக்கும். அதே வல்காரிஸ் வடமேற்கு இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டின் புளித்த மண்ணிலும் இருக்கிறது. டொராண்டோத் தம்பிக்குப் பக்கத்தில், புரூஸ் தீபகற்பத்தின் டோலமைட் (மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புப் பாறை) கரையோரங்களிலும் இதே செடிதான். ஸ்பெயினின் கசோர்லா மலையில் வல்லிஸ்நெரிஃபோலியா சுண்ணாம்புக் குன்றின் செங்குத்துச் சுவரில், நீர் சொட்டும் இடத்தில் தொங்குகிறது. பிரனீஸ் மலையில் லாஞ்சிஃபோலியாவும் அப்படித்தான். ஆல்பினா இமயமலை வரைக்கும் வந்திருக்கிறது; இந்திய மண்ணில் இயற்கையாக உள்ள பிங்குயிகுலா அதுதான்.

இந்த இடங்களை நேரில் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். மண் என்று சொல்ல அதிகம் இல்லை. கல், பொடிக்கல், ஒரு பூச்சுக்குக் கொஞ்சம் மக்கு, அதன் மேல் நகர்ந்துகொண்டே இருக்கும் தண்ணீர். தேங்குகிற தண்ணீர் அரிது. தொட்டியில் அதைத்தான் நகல் எடுக்கப் பார்க்கிறேன்: 3 முதல் 6 மில்லிமீட்டர் பியூமிஸ் (துளை நிறைந்த எரிமலைக்கல்) இரண்டு பங்கு, சிலிக்கா மணல் ஒரு பங்கு, பீட் ஒரு பங்கு. ஆல்பினா, லாஞ்சிஃபோலியா, வல்லிஸ்நெரிஃபோலியா என்றால் தொட்டிக்கு ஒரு கைப்பிடி டோலமைட் சில்லு. கிராண்டிஃப்ளோராவுக்குச் சில்லு தேவையில்லை, போட்டாலும் கோபிக்காது. போர்ச்சுகல் பெயரைத் தாங்கிய சின்ன லூசிட்டானிகா மட்டும் புளித்த மண் கட்சி. அதற்குச் சுண்ணாம்பு காட்டாதீர்கள், பீட்டும் மணலுமே போதும்.

குளிர்காலத்தில் இந்தக் கலவை நடந்துகொள்ளும் விதம்தான் என்னை வளைத்தது. மழை விழுந்த வேகத்தில் இறங்கிவிடும், ஆனால் கல்லின் துளைகளில் ஈரம் தங்கும். உறைந்தால் புடைப்பதில்லை. மொட்டு இரண்டு கல்லுக்கு நடுவில் பொருந்தி உட்காரும். நாலு வருடம் மாற்றாமல் வைத்த தொட்டி இன்னும் இருக்கிறது. அகடாமா என்ற ஜப்பானியக் களிமண் உருண்டையையும் சிலர் சொல்வார்கள். வீட்டுக்குள் நல்லதுதான், வெளியே இரண்டு உறைபனி பார்த்ததும் சேறாகிவிட்டது. வெர்மிகுலைட் என்ற இலேசான கனிமத் துகளும் ஈரத்தில் நாளடைவில் நசுங்கிக் கூழாகும்.

இலவசம் எதுவும் இல்லை. பியூமிஸ் விலை பீட்டைவிட அதிகம், தொட்டி கனம். கோடையில் தட்டில் தண்ணீர் ஒரு நாள் வற்றினால் செடி உடனே சுருளும். பீட் கலவை இரண்டு நாள் பொறுக்கும். ஜூலையில் பத்து நாள் ஊருக்குப் போகிற ஆள் என்றால், பக்கத்து வீட்டில் நம்பகமான ஒருவர் இருந்தால்தான் இது சரிப்படும்.

டுஃபா என்ற, துளை துளையான சுண்ணாம்புக் கல்லிலேயே நட்டு வளர்ப்பவர்களும் உண்டு. கல்லின் அடி தண்ணீரில் நிற்க, அது தானாகவே ஈரத்தை மேலே இழுக்கும். ஆல்பினாவுக்கு அது அரண்மனை. கல் கிடைப்பதும் அதன் விலையும் தனிப் பாடு.

தென்னை நார்த்தூள், ஊர்ப் பாசத்தோடு

பீட்டுக்கு மாற்று என்று இங்கே கடையெல்லாம் கோகோபீட் கட்டிகள். பொள்ளாச்சியிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கடல் தாண்டி வந்தவை. வாங்கும்போதே ஒரு பெருமை. முடிவு அந்த அளவுக்குப் பெருமைப்படும்படி இல்லை. நாரில் சோடியமும் பொட்டாசியமும் தங்கியிருக்கும். அதைப் போக்கத் தொழிற்சாலையில் பெரும்பாலும் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைப்பார்கள்; தக்காளிக்கு அது நல்லது, நைட்ரஜனைப் பூச்சியில் மட்டும் தேடிப் பழகிய இந்தச் செடிக்கு வேண்டாத விருந்து. கழுவாத கட்டியை வாங்கி, மழைநீரில் திரும்பத் திரும்ப ஊறவைத்துப் பிழிந்து, வடியும் தண்ணீரில் கரைந்துள்ள உப்பை டிடிஎஸ் மீட்டரில் அளந்து, எண் இறங்கும்வரை விடாமல் செய்தால் ஒரு கோடை நன்றாகவே ஓடும். குளிர்காலத்தில் ஸ்பாஞ்ச் மாதிரி ஈரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. மொட்டைச் சுற்றி சாம்பல் பூஞ்சை எனக்கு அதிகம் வந்தது இதில்தான். மணலை இரண்டு பங்கு கூட்டினால் தேவலாம். பீட் வேண்டவே வேண்டாம் என்று உறுதியாக இருப்பவர் நார்த்தூளோடு போராடுவதைவிட, கல் கலவையில் பீட்டுக்குப் பதில் நறுக்கிய ஸ்பேக்னம் கொஞ்சம் சேர்ப்பது சுலபம்.

எந்தக் கலவையாக இருந்தாலும் ஒரு காரியம் செய்யுங்கள். மேலே 1 சென்டிமீட்டருக்குச் சுத்தமான பருமணல் அல்லது பொடிப் பியூமிஸ் பரப்பி, மொட்டின் அடி மட்டும் அதில் அழுந்தும்படி வையுங்கள். அழுகல் தொடங்குவது மொட்டின் கழுத்தில். அங்கே தண்ணீர் நிற்காமல் இருந்தால் கீழே என்ன மண் என்பதில் பாதித் தவறு மன்னிக்கப்படும். செத்த இலைக் கூழை இலையுதிர் காலத்திலேயே குறடால் எடுத்துவிடுங்கள். தட்டுத் தண்ணீரைக் கோடையில் 1 அல்லது 2 சென்டிமீட்டர் நிறுத்தலாம். அக்டோபருக்குப் பிறகு தட்டை எடுத்துவிட்டு மண் ஈரமாக மட்டும் இருந்தால் போதும்.

தண்ணீரைப் பற்றி: மழைநீர், அல்லது ஆர்ஓ நீர். வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு, கரைந்த உப்பு 50 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 50 பங்கு). மால்ஹமில் சுண்ணாம்பு நீரில்தானே வளர்கிறது, குழாய்த் தண்ணீர் விட்டால் என்ன என்று கேட்பார்கள். அங்கே ஊற்று ஓடிக்கொண்டே இருக்கிறது, எதுவும் சேராது. தொட்டியில் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும், மாதாமாதம் கூடும். சுண்ணாம்பைச் சில்லாகக் கொடுப்பதும் குழாய் வழியாகக் கொடுப்பதும் ஒன்றில்லை.

மண் மாற்றப் பிப்ரவரிதான் நேரம். மொட்டுக்கு இன்னும் வேர் விட்டிருக்காது. விரலால் தூக்கினால் வந்துவிடும். அரிசி மணிக் குட்டிகளையும் அப்போதே பிரித்துப் புதுத் தொட்டியில் பாதி புதைய வைத்துவிடலாம். வேர் விட ஆரம்பித்த பிறகு, ஏப்ரலில், கையை வைத்தால் அந்த வருடம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும்.

இனி யார் எதை எடுப்பது? பிரிட்டன், அயர்லாந்து போல நனைந்த, மிதமான குளிரில் வெளியே வைப்பவருக்குக் கல் கலவை; முதல் செடி என்றால் பீட்டும் மணலும். கூரைக்கடியில் குளிர்ந்த இடம் உள்ளவருக்குப் பெர்லைட் கலவையும் பரவாயில்லை. சென்னையிலோ மதுரையிலோ இருந்து கேட்பவர்களுக்கு என் பதில் கசக்கும்: இந்த வகைகள் வேண்டாம். மண்ணைத் திருத்தலாம், இரவு வெப்பத்தைத் திருத்த முடியாது. மெக்சிகோ வகையை ஜன்னலோரம் முயன்று பாருங்கள்.

டொராண்டோவுக்கு விடை வேறு. அங்கே தொட்டியைப் பால்கனியில் விட்டால் அடி வரை கல்லாக உறையும். மாடி வீட்டுக்குள் வைத்தால் உறக்கமே வராது. இரண்டும் ஆகாது. அதனால் அந்தத் தம்பிக்கு நான் சொன்னது, கோடைக்குப் பீட்டும் மணலும் போடுங்கள், குளிர்காலத்துக்கு மண்ணே வேண்டாம். நவம்பரில் மொட்டுகளைத் தூக்கி, அலசி, காய்ந்த ஸ்பேக்னத்தை நனைத்துப் பிழிந்து அதில் சுற்றி, ஜிப் பையில் போட்டு, தேதி எழுதி, குளிர்பெட்டியில் 2 முதல் 4 டிகிரியில் மார்ச் வரை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை திறந்து பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

செய்தார். ஜனவரியில் மறுபடி போன். அவருடைய அம்மா குளிர்பெட்டியைத் துடைக்கும்போது அந்தப் பையைக் கண்டுபிடித்துவிட்டாராம். பாசியைப் பிரித்துப் பார்த்து, "என்ன தம்பி, இந்த உள்ளியெல்லாம் பச்சை பிடிச்சுப் பழுதாப் போச்சு, எறியட்டோ?" உள்ளி என்றால் பூண்டு.

குப்பைக்குப் போகாமல் ஏழு மொட்டும் தப்பின. பையில் இப்போது தேதிக்குக் கீழே பெரிய எழுத்தில் 'உள்ளி இல்லை' என்றும் எழுதி வைத்திருக்கிறாராம்.